கொடுத்த படகும் சொட்டுகிற பம்பும்

கௌசல்யா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் பஸ் பிடிக்க ஓடிவிட்டேன் என்று உங்களில் சிலர் சிரித்தீர்களாம். நன்றாகச் சிரியுங்கள். வால்பாறை பஸ்ஸைத் தவறவிட்டால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். அதைத் தவறவிட்டவர்களுக்குத்தான் அந்த அவதி தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் பஸ்ஸுக்காக மட்டும் ஓடவில்லை. அந்தக் கேள்விக்கு வாசற்படியில் நின்றவாக்கில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

அன்று வராதவர்களுக்காகக் கேள்வியைத் திரும்பச் சொல்கிறேன். கருமத்தம்பட்டி தாண்டி இருக்கிற இதே பம்புக் கம்பெனியில்தான் நான் சர்வீஸ் பிரிவின் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றேன். பிரிவில் புதிதாகச் சேர்ந்த உங்களிடம் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே லாரி நின்றது. நம் அரசாங்கம் ஒரு நட்பு நாட்டுக்கு இனாமாகக் கொடுக்கப் போகிற ரோந்துப் படகுகளுக்கான பம்புகள் அதில் ஏற வேண்டும். கௌசல்யா எழுந்து கேட்டாள்: "மேடம், நம்ம ஊர்லயே ஆயிரம் குறை இருக்குது. இன்னொரு நாட்டு ராணுவத்துக்குப் படகும் துப்பாக்கியும் சும்மா தூக்கிக் குடுக்கறதுல நமக்கு என்னங்க பிரயோஜனம்?"

பாதிப் பேர் கைதட்டினீர்கள். மீதிப் பேர் 'ராஜதந்திரம்' என்று முணுமுணுத்தீர்கள். அந்த வார்த்தையைச் சொல்பவர்களிடம் அப்படி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

நான் ராஜதந்திரி இல்லை, பம்புக்காரி. தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்தவள். வேலைக்குச் சேரும் வரை கடலைக் கண்ணால் பார்த்தது கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு படகு, ஒரு பம்பு, யூசுப் என்று ஒரு மனிதர். அதை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பும் இதே மாதிரி ஒரு லாரி நின்றது. அப்போது நம் அரசு ஒரு சின்னத் தீவு நாட்டுக்கு ரோந்துப் படகு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. நாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தப் படகின் அடித்தளத்தில் சேருகிற தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு நம் பம்பு. கடல் அமைதியாக இருக்கிற நாளில் அந்தப் பம்பு இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. கடல் கொந்தளிக்கிற நாளில் அது ஓடவில்லை என்றால் படகில் இருப்பவர்கள் கரைக்குத் திரும்ப மாட்டார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

அன்றும் கேன்டீனில் இதே சண்டை. அசெம்ப்ளி ஃபோர்மேன் பழனிச்சாமி அண்ணனை உங்களுக்குத் தெரியாது. வெள்ளகோவில் பக்கத்துக்காரர். ஊரில் தோட்டம், மாடுகள், வாய் நிறைய நையாண்டி. டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏனுங்க அம்மணி, ஊருக்காரனுக்கு ஒரு மாட்டைச் சும்மா குடுத்தா நாளைக்கு ரெண்டு சொம்பு பாலாச்சும் கேக்கலாம். அந்தத் தீவுக்காரனுக்குப் படகைக் குடுத்துப்போட்டு என்னத்தைங்க கறக்கறது?"

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். "எல்லாத்தையும் கறக்கறதுக்குத்தான் குடுக்கோணுமாண்ணா?" என்று கேட்டேன்.

"பின்னே? தருமம் பண்றதுன்னா நம்ம சனத்துக்குப் பண்ணட்டும். அரசாங்கம் வெளியூரானுக்குக் குடுத்தா அது தருமமில்லீங், யேவாரம். யேவாரம்னா வரவு என்னன்னு கேக்கத்தான் செய்வேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. லாரி கிளம்பிப் போயிற்று. நம் ஆள் ஒருவர் கூடவே போய், படகை ஒப்படைக்கிற விழாவில் இருந்து, அவர்களுடைய மாலுமிகளுக்குப் பம்பை ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். நல்ல வேலைக்காரர், அவரை நான் குறை சொல்ல வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் செய்தி வந்தது. கொந்தளித்த கடலில் ரோந்து போன அந்தப் படகில் பம்பு இறுகி நின்றுவிட்டது. என்ஜின் அறைக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். மாலுமிகள் வாளியால் இறைத்து இறைத்து, ஒருவருக்குத் தோள்பட்டையே இறங்கிவிட்டது. இன்னொரு படகு வந்து கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. உயிர்ச்சேதம் இல்லை, கர்த்தர் காப்பாற்றினார். ஆனால் அந்த நாட்டு எதிர்க்கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இந்தியா ஓட்டைப் படகைத் தங்கள் தலையில் கட்டிவிட்டது என்று மேடை போட்டுப் பேசினார்கள். நாங்கள் இதைவிட நல்ல படகாகத் தருகிறோம் என்று வேறொரு பெரிய நாடு அதற்குள் வரிசையில் வந்து நின்றது.

என்னைப் போகச் சொன்னார்கள். கிளம்புவதற்கு முன் எங்கள் ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, கிளாண்டை இறுக்கி வெச்சிருப்பானுங்க. பம்பைப் பாக்காமயே இங்கிருந்து சொல்றேன். திறந்து பாருங்க, போட்டோ எடுங்க, ஓட்டுனவன் தப்புன்னு எழுதி அவங்க ஆபீசர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. பொய் எழுதச் சொல்லலைங்க, நெசத்தைத்தான் எழுதச் சொல்றேன்."

"நெசம் அதுதானான்னு பாத்துட்டுச் சொல்றேனுங்க சார்."

"பாருங்க. பாக்கறப்போ அசெம்ப்ளில நிக்கற பசங்களையும் நெனைச்சுக்குங்க. அடுத்த படகுகளோட ஆர்டர் இந்த மேசை மேல இருக்குது. நம்ம பம்பு கோளாறுன்னு ஒரு வரி பதிவாச்சுன்னா அது காத்தோட போயிரும்."

கிளாண்டு என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற அலுவலகத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பம்பின் சுழல்கிற தண்டு வெளியே வருகிற இடத்தில் தண்ணீர் பீறிடாமல் இருக்கக் கயிறு சுற்றி அடைத்து, மூடி போட்டு, இரண்டு நட்டால் இறுக்கியிருப்போம். அதுதான் கிளாண்டு. பம்பு ஓடும்போது அந்தக் கயிற்றின் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொட்டுதான் தண்டைச் சூடேறாமல் காக்கிறது. சொட்டு நிற்கிற வரை இறுக்கினால் கயிறு கருகும், தண்டு தேயும், ஒருநாள் எல்லாம் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். நம் ஊரில் கிணற்று மோட்டார் ரூமை எட்டிப் பார்த்த குழந்தைக்குக்கூட இது தெரியும். மோட்டார் ரூமில் தரை ஈரமாக இருந்தால்தான் நம் விவசாயிக்கு மனம் நிம்மதி.

அந்தத் தீவின் துறைமுகத்தில் படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். பம்பைத் திறந்தேன். ஜி.எம். சொன்னது அச்சு அசலாகச் சரி. இரண்டு நட்டும் அடி வரை இறுக்கப்பட்டிருந்தன. கயிறு கரிக்கட்டை. தண்டில் விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது.

பக்கத்தில் யூசுப் நின்றிருந்தார். என்ஜின் அறைக்குப் பொறுப்பு அவர்தான். நடுத்தர வயது, மெலிந்த ஆள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. என் அறிக்கையில் 'ஓட்டியவர் தவறு' என்று இருந்தால் மறுநாளே வேலை போய்விடும் என்று அவரே என்னிடம் சொன்னார். கெஞ்சவில்லை. தகவலாகச் சொன்னார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

ஆங்கிலத்தில்தான் பேசினோம். தமிழில் தருகிறேன்.

"இதை இவ்வளவு இறுக்கியது நீங்களா?"

"ஆமாம், நான்தான்."

"ஏன்?"

"முதல் நாளிலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. படகுக்குள் தண்ணீர் வரக்கூடாது மேடம். சிறு வயதிலிருந்தே கடலில் இருக்கிறேன். படகில் எங்கே ஒழுகினாலும் அடைக்க வேண்டும், எங்களுக்கு முதல் பாடமே அதுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கடைசியில் சுத்தமாக நின்றுவிட்டது. என் கமாண்டரைக் கூட்டிவந்து காட்டினேன். பெருமையாக இருந்தது."

"இது சொட்ட வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

"சொட்ட வேண்டுமா?" என்றார். நான் கேலி செய்கிறேனோ என்று என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "யாரும் சொல்லவில்லை மேடம். விழா நடந்த அன்று உங்கள் ஆள் கையில் ஒரு துணி வைத்துக்கொண்டு அந்தச் சொட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும்போது ஈரம் தெரியக்கூடாதென்று. அதைப் பார்த்துத்தான் ஒழுகுவது குறை என்று எனக்கு இன்னும் உறுதியாயிற்று."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். நம் ஆள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், நிறுத்தக் கற்றுக்கொடுத்தார், வடிகட்டியைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தார். சொட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சோற்றை வேகவைத்துத்தான் தின்ன வேண்டும் என்று யாராவது யாருக்காவது பாடம் நடத்துவார்களா? கோயம்புத்தூர்க்காரன் செய்கிற தப்பு இது. பம்பு நமக்கு அவ்வளவு பழக்கம். பழகாத மனிதன் இருப்பான் என்பதே தோன்றுவதில்லை. போதாக்குறைக்கு, விருந்துக்கு ஒறம்பரை வருகிறார்கள் என்று வாசலைத் துடைக்கிற மாதிரி, அவனுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயத்தையும் துடைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

நம் அரசு சார்பில் அங்கே இருந்த அதிகாரி ஒருவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அறிக்கை மாலைக்குள் வேண்டும் என்றார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"இறுக்கியது அவர்கள் ஆள். அது உண்மைதானே?" என்று கேட்டார்.

"உண்மைதான்."

"அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுக்காத தப்பு உங்களுடையது என்று எழுதினால் நாளைக் காலை அது இங்கே தலைப்புச் செய்தி. இந்தியா ஒப்புக்கொண்டது என்பார்கள். இவ்வளவு செலவு செய்து கொடுத்த படகு நமக்கே கெட்ட பெயராகத் திரும்பும். ஒரு என்ஜின் ஆளுக்காக அதைச் செய்வீர்களா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று வெளியே வந்தேன். படகுத்துறைப் படியில் உட்கார்ந்து பழனிச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். ஏன் அவருக்கு என்று கேட்டால், ஆர்டர் போனால் முதலில் அடிபடுவது அவருடைய ஆட்கள். தவிர, இந்த உதவியே வீண் என்று சொன்ன மனுஷன் அவர். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

முழுதும் கேட்டுவிட்டு, "அட கெரகமே!" என்றார். "தொடைச்சாருங்களா?"

"தொடைச்சிருக்காருண்ணா. துணி வெச்சுத் தொடைச்சிருக்காரு."

"அம்மணி, எங்கூர்ல மாடு குடுக்கறவன் எந்தப் பக்கமா, எந்தக் கட்டால ஒக்காந்து கறக்கோணும்னு சொல்லிப்போட்டுத்தானுங்க கயித்தைக் கையில குடுப்பான். எடதுகட்டால பழகுன மாட்டுக்கிட்ட வலதுகட்டால போயி ஒக்காந்தா ஒதைக்காம என்ன பண்ணும்? சொல்லாமக் குடுத்துப்போட்டு, ஒதை வாங்குனவனைப் பாத்து உனக்குக் கறக்கத் தெரியலைன்னு சொல்றது நாயமுங்களா?"

"அப்ப எழுதட்டுங்களா?"

மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதுனா ஆர்டர் போயிருமுங்களே?"

"போகும்ணா. அநேகமாப் போயிரும்."

யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொன்னார். நான் தன்னிடம் இதைக் கேட்டிருக்க வேண்டாம், தன் தலையில் வந்து விழுந்துவிட்டதே என்று அவர் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் நினைத்திருப்பேன்.

"எழுதுங்க அம்மணி" என்றார். "பசங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

எழுதினேன். கிளாண்டு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டதால் பம்பு நின்றது. சொட்ட வேண்டும் என்பதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகையால் இயக்கியவர் மேல் குற்றமில்லை. இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அதிகாரி இரண்டு முறை படித்தார். "இதை நான் ஆதரிக்க மாட்டேன். தடுக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று மிச்சப் பகலை யூசுப்புடனும் அவருடைய ஆட்களுடனும் என்ஜின் அறையில் கழித்தேன். புதுத் தண்டு மாட்டி, புதுக் கயிறு சுற்றி, பம்பை ஓட்டி, ஒவ்வொருவரையும் நட்டைத் தளர்த்தச் சொன்னேன். சொட்டு விழுகிற இடத்தில் உள்ளங்கையை நீட்டச் சொன்னேன். முதலில் விழுந்த சொட்டைப் பார்த்து எல்லோருக்கும் கை பரபரத்தது, அடைக்க வேண்டும் என்று. "வேண்டாம், சொட்டட்டும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், அவசரத்தில். யூசுப்புக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. சொட்டட்டும், சொட்டட்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் மரியாதையாகச் சொல்வதானால் கடைசியில் 'ங்க' போட வேண்டும் என்றேன். 'சொட்டட்டுமுங்க' என்றார். அந்த நாள் முழுக்க அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

யூசுப்பின் வேலை தப்பியது. மற்றதெல்லாம் அதிகாரி சொன்ன மாதிரியே நடந்தது. 'இந்தியா ஒப்புக்கொண்டது' என்று அங்கே பத்திரிகைகளில் வந்தது. எங்கள் ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜி.எம். என்னைத் திட்டவில்லை. அதுவரை ஸ்டெல்லா என்று கூப்பிட்டவர் 'வாங்க மேடம், உக்காருங்க மேடம்' என்று ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கேன்டீனில் ஒரு பையன் என் காதில் விழும்படியே, "அம்மணியோட வாய்மைக்கு எங்க ஓவர்டைம் போச்சு" என்றான். பழனிச்சாமி அண்ணன் அவனை அதட்டினார். ஆனால் அவன் சொன்னது பொய் இல்லை. அந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டில் குறைந்ததை என் அறிக்கை ஈடு கட்டவில்லை. நேர்மையாக எழுதினால் உடனே நல்லது நடக்கும் என்று எவராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் அந்த அறிக்கையை மாற்றி எழுதியிருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

கூத்து அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் அதே தீவு நாடு அந்தப் பெரிய நாட்டிடமும் கை நீட்டிப் படகு வாங்கியது. செய்தி வந்த அன்று பழனிச்சாமி அண்ணன் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"பாத்தீங்களா அம்மணி? நம்ம மாட்டையும் கட்டிக்கிட்டான், அக்கட்டால போயி அவன் மாட்டையும் புடிச்சுக்கிட்டு வந்துட்டான். நன்றின்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"இல்லைங்கண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அப்ப நாஞ் சொன்னது நெசந்தானுங்களே. கறக்கறதுக்கு ஒண்ணுமில்லை."

"பொறுத்துப் பாக்கலாமுங்க" என்றேன், வீம்புக்குத்தான். பொறுத்தால் ஏதாவது வரும் என்று எனக்கு அப்போது நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு காலைப் பொழுது. டெஸ்டிங் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். பழனிச்சாமி அண்ணன் ஆட்களை வைத்து லாரியில் பம்பு ஏற்றிக்கொண்டிருந்தார். இந்த முறை இனாம் படகுக்கு இல்லை. நம் நாட்டுக் கரையோரத்தில் நம் பிள்ளைகள் ஓட்டுகிற ரோந்துப் படகுகளுக்கு. என் போன் அடித்தது. வெளிநாட்டு எண்.

"மேடம், யூசுப். சொட்டுதுங்க" என்றது குரல்.

சிரித்துவிட்டேன். நலம் விசாரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மேடம், பம்பின் பாதத்தில், போல்ட் துளைக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் தெரிகிறது. மயிரிழைதான். பம்பு நன்றாக ஓடுகிறது, இன்னும் ஒழுகவில்லை. நான் போல்ட்டை அதிகமாக இறுக்கியதால் வந்ததா என்று தெரியவில்லை. அப்படியும் இருக்கலாம். எதற்கும் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தன் தப்பாகவே இருக்கலாம் என்று நினைக்கிற மனிதர். ஒருமுறை இதே மாதிரி விஷயத்தில் வேலை போகிற நுனி வரை போனவர். பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் கேட்கவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அந்த இன்னொரு நாட்டுப் படகுகளில் ஏதாவது பார்த்தாலும் இப்படிச் சொல்வீர்களா?" என்று கேட்டேன். "அங்கே சொன்னால் முதலில் எங்கள் மேல்தான் எழுதுவார்கள் மேடம். நாங்களே சமாளித்துக்கொள்கிறோம்" என்றார்.

படம் அனுப்பச் சொன்னேன். வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். போல்ட் இறுக்கி வருகிற விரிசல் துளையிலிருந்து கிளம்பும். இது உள்ளே மூலையிலிருந்து கிளம்பியிருந்தது. வார்ப்பிலேயே வந்த குறை. அவர் தப்பு இல்லவே இல்லை, எங்களுடையது. அதே அச்சில் வார்த்த பம்புகள்தான் என் கண் முன்னால் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

"அண்ணா, நிறுத்துங்க! ஏத்துனதை எறக்குங்க!"

"ஏனுங்க, டிரைவரு கெளம்பற நேரத்துல..."

"எறக்குங்கண்ணா, அப்பறம் சொல்றேன்!"

விரிசலுக்குள் இறங்கி நின்றுவிடுகிற சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்த்தோம். மண்டியிட்டு ஒவ்வொன்றின் பாதத்தையும் துடைத்துப் பார்த்தோம். சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் அதே மூலையில், அதே மாதிரி, மெல்லிசாகச் சிவப்புக் கோடு. நம் டெஸ்டிங்கில் தண்ணீர் அழுத்தம் பார்க்கிறோம், ஓட்டம் பார்க்கிறோம். மாதக்கணக்கில் அலையில் அடிபட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்படி வாய் திறக்கிற விரிசலை எந்தக் கொட்டகையில் வைத்துப் பார்ப்பது? அதை அந்தத் தீவுக்காரர் படகில் வைத்துப் பார்த்து எங்களுக்குச் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் நடுக்கடலில் முழங்கால் தண்ணீரில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கும். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு வாளியாவது இருந்திருக்குமோ என்னவோ.

ஜி.எம். ஓடி வந்தார். சிவப்புக் கோடுகளைக் குனிந்து பார்த்தார். லாரியை மட்டும் அல்ல, வார்ப்படத்தையும் நிறுத்தச் சொன்னார். "யாரு கண்டுபுடிச்சது?" என்று கேட்டார்.

"யூசுப்புங்க சார். அன்னிக்கு வேலை போகப் பாத்தவரு."

குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். பிறகு, "அந்தாளுக்கு ஒரு போன் போட்டு என்கிட்டக் குடுங்க ஸ்டெல்லா" என்றார். 'மேடம்' போய், 'ஸ்டெல்லா' திரும்பிவிட்டது. யூசுப்பின் எண்ணைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

பழனிச்சாமி அண்ணன் தரையில் மண்டியிட்டபடியே இருந்தார். முழங்கை வரை சிவப்புச் சாயம். ஒரு பாதத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்:

"கறக்குதுங்க அம்மணி."

கௌசல்யா, இதுதான் என் பதில். ஆயுதம் கொடுத்தால் நட்பு வரும், நன்றி வரும், கைக்குள் இருப்பார்கள் என்று எவராவது சொன்னால் நம்பாதே. வராது. வாங்குகிறவனுக்குத் தன் நாடு பெரிது, நாலு பக்கமும் கை நீட்டத்தான் செய்வான். கொடுத்த படகில் துப்பாக்கியும் இருக்கிறது. அது நாளைக்கு யார் பக்கம் திரும்பும் என்று எந்தப் பம்புக்காரியாலும் உறுதி சொல்ல முடியாது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் பயம்தான். கொடுக்கலாமா, யாருக்குக் கொடுக்கலாம் என்பதை ஓட்டுப் போடுகிற நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால் கொடுப்பது என்று ஆகிவிட்டால், பொருள் கைமாறினதோடு நமக்கு ஒன்றும் வந்துவிடாது. எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்று சொல்லிக் கொடுத்தோமா? கெட்டுப்போனபோது அவன் தலையில் போடாமல் நம் பங்கை ஒப்புக்கொண்டோமா? அப்படிச் செய்தால் அங்கே ஒரு மனிதன் பயமில்லாமல் நமக்குப் போன் போடுவான். நமக்குத் திரும்பி வருவது அதுதான். செய்யவில்லை என்றால் பழனிச்சாமி அண்ணன் கேன்டீனில் கேட்டதுதான் சரி, படகு வீண்.

ஆர்டர் பிறகு வந்தது. அன்று வெளியே நின்ற லாரி அதன் தொடர்ச்சிதான். பம்பு அதே மாடல், வார்ப்பு மாற்றியது. இந்த முறை படகை ஒப்படைக்கிற விழாவுக்குக் கூடப் போவது கௌசல்யா என்று கேள்விப்பட்டேன். பெரிய மனிதர்கள் வருவார்கள், கேமரா வரும். உன் பம்பு எல்லார் முன்னாலும் சொட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் துடைக்கச் சொல்லி உனக்குக் கண்ணால் ஜாடை காட்டுவார்கள். அசையாதே. யாராவது இது ஏன் ஒழுகுகிறது என்று கேட்டால், அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, என்ஜின் ஆளைக் கூப்பிட்டு உள்ளங்கையை நீட்டச் சொல்லிக் காட்டு.

துடைக்கிற துணியை மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டுப் போ கண்ணு.